சுழற்றாத நேரத்தில் தூங்கும் வி.எஃப்.ஓ

எடுத்துக்கொண்டது ஒரே பட்டையில் இயங்கும் ஓர் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) ட்ரான்சீவர், அதாவது பேசவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டி. 40 மீட்டர் பட்டை, 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. ஒற்றை மாற்ற சூப்பர்ஹெட் அமைப்பு (வரும் சிக்னலை உள்ளே உண்டாக்கும் ஓர் அலையோடு கலந்து, நிலையான இடைநிலை அலைவெண்ணுக்கு மாற்றுவது), நடுவில் 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 9 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்டர், டயோடு வளைய மிக்ஸர். அதில் இருந்த வி.எஃப்.ஓ (டயலைச் சுற்றினால் அலைவெண் மாறும் ஆசிலேட்டர்), காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த கோல்பிட்ஸ் வகை எல்.சி. ஆசிலேட்டர். 1.8 முதல் 2 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். அதை எடுத்துவிட்டு, மைக்ரோகன்ட்ரோலர் ஆளும் ஓர் அலைவெண் ஆக்கியை அந்த இடத்தில் வைத்தோம். மற்ற பகுதிகளில் முடிந்தவரை கை வைக்கவில்லை.

பழையதை ஏன் மாற்ற வேண்டும்? காயிலும் கெப்பாசிட்டரும் வெப்பத்தில் மதிப்பு மாறும். நன்றாகக் கட்டிய எல்.சி. ஆசிலேட்டர்கூட ஒரு டிகிரிக்குச் சில பத்து பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நகரும். 50 பிபிஎம் என்று வைத்தால் 2 மெகாஹெர்ட்ஸில் ஒரு டிகிரிக்கு 100 ஹெர்ட்ஸ். குரலில் பேசும்போது 100 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் எதிரில் இருப்பவர் கையை டயலுக்குக் கொண்டு போவார், அவ்வளவுதான். ஆனால் எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறையில் தொனிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியே 6.25 ஹெர்ட்ஸ். ஒரு பரிமாற்றம் 12.64 வினாடி நீடிக்கும். அந்த நேரத்தில் அலைவெண் அசையாமல் நிற்க வேண்டும். பெட்டி சூடேறும் முதல் அரைமணி நேரத்தில் எல்.சி. ஆசிலேட்டரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

புதிய அமைப்பில் இரண்டு முக்கியமான சில்லுகள். அலைவெண்ணை உண்டாக்குவது எஸ்ஐ5351ஏ. அதற்குக் கட்டளை தருவது ஏடிமெகா328பி. அஷ்ஹர் ஃபர்ஹானின் மைக்ரோபிட்எக்ஸ் ட்ரான்சீவரும் இதே ஜோடியைத்தான் நம்பியிருக்கிறது. ஏடி9850 என்ற டிடிஎஸ் சில்லையும் (எண்களிலிருந்து நேரடியாக அலையை வடிப்பது) எடைபோட்டுப் பார்த்தோம். 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், 32-பிட் சொல், அதனால் 0.03 ஹெர்ட்ஸுக்கும் குறைவான படி, வெளியே சைன் அலை என்று அதற்கும் நல்ல குணங்கள் உண்டு. ஆனால் ஒரு சில்லுக்கு ஓர் அலைவெண்தான். 10-பிட் டிஏசி-யிலிருந்து (எண்ணை மின்னழுத்தமாக்கும் பகுதி) வரும் போலிச் சிக்னல்கள் டயலைச் சுற்றச் சுற்ற இடம் மாறிக்கொண்டே இருக்கும். மின்சாரமும் கூடுதலாக வேண்டும். எஸ்ஐ5351-இல் மூன்று வெளியீடுகளும் இரண்டு பிஎல்எல்-களும் (கிரிஸ்டலின் அலைவெண்ணைப் பெருக்கும் சுற்றுகள்) உள்ளன. வி.எஃப்.ஓவையும், இடைநிலை அலையிலிருந்து குரலை மீட்க உதவும் பி.எஃப்.ஓ என்ற ஆசிலேட்டரையும் ஒரே சில்லில் முடித்துவிடலாம் என்பதே அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

பழைய அலைவெண்ணை ஏன் வைத்துக்கொள்ளவில்லை

முதலில் தோன்றும் யோசனை, புதிய சில்லிலும் 1.8 முதல் 2 மெகாஹெர்ட்ஸையே உண்டாக்கி அப்படியே செருகிவிடுவது. காகிதத்தில் கணக்குப் போட்டாலே இது வேண்டாம் என்று தெரிந்துவிடும். எஸ்ஐ5351 தருவது சதுர அலை. சதுர அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் தாராளமாக இருக்கும். மூன்றாவது, அடிப்படை அலையின் மூன்றில் ஒரு பங்கு. ஐந்தாவது, ஐந்தில் ஒரு பங்கு. டயலை 7.2 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் வி.எஃப்.ஓ 1.8-இல் நிற்கும். அதன் ஐந்தாவது ஹார்மோனிக் சரியாக 9 மெகாஹெர்ட்ஸ், அதாவது இடைநிலை அலைவெண்ணின் தலைமேலேயே விழும். சைன் அலை தந்த பழைய ஆசிலேட்டரில் இது அமுங்கிக் கிடந்திருக்கும். சதுர அலையில் பட்டையின் மேல் முனையில் நிரந்தரமான ஒரு விசில் கேட்கும்.

அதனால் வி.எஃப்.ஓவை மேலே, 16 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் கொண்டுபோனோம். இப்போது ஹார்மோனிக்குகள் 32, 48 என்று எங்கோ தொலைவில். எல்.சி. ஆசிலேட்டர் காலத்தில் இவ்வளவு மேலே போக யாரும் துணியமாட்டார்கள், நகர்வும் அதே விகிதத்தில் எட்டு மடங்காகிவிடும். கிரிஸ்டலைப் பிடித்துக்கொண்டு ஓடும் சில்லுக்கு அந்தக் கவலை இல்லை.

மேலே போனதால் இரண்டு விளைவுகள். ஒன்று, பக்கப்பட்டை (டயல் காட்டும் அலைவெண்ணுக்கு மேலோ கீழோ குரல் நிற்கும் பகுதி) தலைகீழாகும். பழைய அமைப்பில் சிக்னலும் வி.எஃப்.ஓவும் கூடி 9 ஆயின. கீழ்ப் பக்கப்பட்டை கீழ்ப் பக்கப்பட்டையாகவே வந்தது. இப்போது வி.எஃப்.ஓவிலிருந்து சிக்னலைக் கழிக்கிறோம். கீழ் மேலாகிவிடும். எனவே பி.எஃப்.ஓ 9.0015-இலிருந்து 8.9985 மெகாஹெர்ட்ஸுக்கு, ஃபில்டரின் மறுகரைக்குப் போக வேண்டும். அதையும் சில்லே தருவதால் தனிக் கிரிஸ்டல் தேவைப்படவில்லை. டயல் 7.100 என்று காட்டும்போது வி.எஃப்.ஓ 16.0985-இல் இருக்கும்.

இரண்டாவது விளைவு கொஞ்சம் நுட்பமானது. பிம்ப அலைவெண் (வி.எஃப்.ஓவோடு கலந்து அதே 9 மெகாஹெர்ட்ஸைத் தரும் வேண்டாத மற்றொரு அலைவெண்) இப்போது வி.எஃப்.ஓவுக்கு 9 மெகாஹெர்ட்ஸ் மேலே, 25 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. எஸ்ஐ5351-இன் சொந்தக் கிரிஸ்டலும் 25 மெகாஹெர்ட்ஸ்தான். ஆன்டெனாவிலிருந்து வரும் பிம்பத்தை முன்னால் உள்ள 7 மெகாஹெர்ட்ஸ் பட்டை ஃபில்டர் தடுத்துவிடும். பெட்டிக்குள்ளேயே, அந்த ஃபில்டரைத் தாண்டி மிக்ஸருக்குள் கசியும் 25 மெகாஹெர்ட்ஸை அது எப்படித் தடுக்கும்? பட்டையின் அடிவிளிம்பில், 7.000-க்கும் 7.003-க்கும் நடுவே மெல்லிய விசிலாக அது கேட்கிறது. சில்லைத் தகரப் பெட்டிக்குள் அடைத்து, உள்ளே போகும் ஒவ்வொரு கம்பியையும் 1 நானோஃபாரட் ஊடுசெல் கெப்பாசிட்டர் வழியாக விட்டதும் பட்டையின் இயல்பான இரைச்சலுக்குள் அமுங்கிவிட்டது. இதே இடைநிலை அலைவெண்ணோடு புதிதாகக் கட்டுகிறவர்கள் 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் உள்ள பலகையை வாங்குவது நல்லது. சில்லு இரண்டையும் ஏற்கும். அப்போது அந்த விசில் டயலில் 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம், பட்டைக்கு வெளியே போய்விடும்.

உள்ளே நடக்கும் பெருக்கலும் வகுத்தலும்

எஸ்ஐ5351 இரண்டு படிகளில் வேலை செய்கிறது. கிரிஸ்டலின் 25 மெகாஹெர்ட்ஸைப் பிஎல்எல் முதலில் 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓரிடத்துக்குப் பெருக்கும். பெருக்கும் எண் பின்னமாக இருக்கலாம். பிறகு அந்தப் பெரிய அலைவெண்ணை இன்னொரு எண்ணால் வகுத்து வெளியே தரும். வகுக்கும் எண்ணும் பின்னமாக இருக்கலாம், ஆனால் அதை இரட்டைப்படை முழு எண்ணாக வைத்தால் அலையின் நடுக்கம் குறையும்.

எங்கள் தேர்வு: வகுக்கும் எண்ணை 50 என்று நிலையாக வைத்துவிட்டு, பிஎல்எல்-ஐ மட்டும் நகர்த்துவது. வி.எஃப்.ஓ 15.9985 முதல் 16.1985 வரை போனால் பிஎல்எல் 799.925 முதல் 809.925 மெகாஹெர்ட்ஸ் வரை நகரும். அனுமதித்த எல்லைக்குள் வசதியாக உட்காருகிறது. பின்னத்தின் பகுதியை அதன் உச்சமான 1048575-இல் நிறுத்தி, தொகுதியை மட்டும் மாற்றுகிறோம். அப்போது பிஎல்எல்-இன் ஒரு படி 23.8 ஹெர்ட்ஸ்; ஐம்பதால் வகுபட்டு வெளியே வரும்போது அரை ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு. 10 ஹெர்ட்ஸ் படியில் டயல் சுற்றுகிறவருக்கு இது தேவைக்கு மேல்.

பி.எஃப்.ஓவுக்கு இரண்டாவது பிஎல்எல். 8.9985-ஐ 88-ஆல் பெருக்கினால் 791.868 மெகாஹெர்ட்ஸ். அதுவும் எல்லைக்குள். இரண்டு அலைகளையும் பக்கத்துப் பக்கத்து வெளியீட்டுக் கால்களில் எடுக்காமல், பூஜ்யம், இரண்டு என்ற ஓரக் கால்களில் எடுத்தோம். நடுக்கால் அணைந்தே இருக்கும். ஒன்றின் அலை மற்றொன்றில் கசிவது இதனால் குறைகிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆர்டுயினோவின் 8-பிட் சில்லில் எழுதப்படும் நிரலில் டபுள் என்று அறிவித்தாலும் கிடைப்பது 32-பிட் ஃப்ளோட்தான் (பின்ன எண்களை வைக்கும் வகை). அதன் துல்லியம் 24 பிட். 800 மெகாஹெர்ட்ஸ் அளவில் அடுத்தடுத்த இரண்டு ஃப்ளோட் எண்களுக்கு நடுவே 64 ஹெர்ட்ஸ் இடைவெளி விழும். அலைவெண்ணைக் கிரிஸ்டலால் வகுத்து 32.194 என்பது போன்ற பின்ன எண்ணாக வைத்துக்கொண்டால் இன்னும் மோசம். அந்த எண்ணின் கடைசி பிட் பிஎல்எல்-இல் 95 ஹெர்ட்ஸுக்கும், வெளியே 2 ஹெர்ட்ஸ் அளவுக்கும் சமம். டிஸ்ப்ளேயில் எண்கள் ஒழுங்காக ஏறும், ஆனால் வெளியே வரும் படிகள் சீராக இருக்காது. குரலுக்கு யாரும் கவனிக்கமாட்டார்கள். தொனிகள் 1.46 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும் டபிள்யூஎஸ்பிஆர் பீக்கனுக்கு (தானாகவே டிஜிட்டல் சிக்னல் அனுப்பும் கருவி) இதே நிரலைப் பயன்படுத்தினால் சிக்னல் சிதைந்துவிடும். தீர்வு எளிது. ஃப்ளோட்டை முழுக்க விலக்கி, 64-பிட் முழு எண்ணில் கணக்கிடுங்கள். சின்னச் சில்லுக்கு அது கொஞ்சம் பாரம்தான், ஆனாலும் டயலைச் சுற்றும் கைக்குத் தெரியாத வேகத்தில் முடிந்துவிடும்.

டயல் சுற்றும்போது வரும் சத்தம்

முதல் பதிப்பின் நிரல், கிடைக்கும் நூலகங்களின் வழக்கப்படி, ஒவ்வொரு அலைவெண் மாற்றத்துக்கும் எல்லா ரெஜிஸ்டர்களையும் (சில்லுக்குள் எண்களை வைக்கும் இடங்கள்) எழுதி, 177ஆவது ரெஜிஸ்டர் வழியாகப் பிஎல்எல்-ஐ ரீசெட் செய்தது. அலைவெண் சரியாகவே வந்தது. ஆனால் டயலைச் சுற்றும்போது ஒவ்வொரு படிக்கும் ஹெட்ஃபோனில் ஒரு ‘டிக்’. ரீசெட் செய்யும் கணத்தில் அலை அறுந்து மீண்டும் தொடங்குகிறது. அந்த அறுபடல்தான் கேட்கிறது.

வகுக்கும் எண் மாறாதவரை ரீசெட் தேவையே இல்லை. பின்னம் சற்று மாறினால் பிஎல்எல் தானாகவே புதிய இடத்துக்கு வழுக்கிச் செல்லும். 50 என்ற எண்ணைப் பட்டை முழுவதற்கும் நிலையாக வைத்ததன் உண்மையான பலன் இங்கேதான் கிடைத்தது: மின்சாரம் வந்ததும் ஒரே ஒரு ரீசெட், அதன்பின் கிடையாது. பின்னத்தின் பகுதியும் மாறுவதில்லை என்பதால் அதற்குரிய ரெஜிஸ்டர்களையும் மறுபடி எழுதுவதில்லை. டயல் இப்போது பழைய எல்.சி. ஆசிலேட்டர் போலவே மென்மையாக நகர்கிறது.

அப்புறம் கவனித்தது, கை டயலில் இல்லாதபோதும் வந்த சத்தம். மெல்லிய ‘டிர்ர்’ என்று சீராக, ஆன்டெனாவைக் கழற்றினாலும் நிற்காமல். ஐ-ஸ்கொயர்-சி தடத்தில் (சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பிகள்) இணைத்திருந்த சிறிய ஓஎல்இடி டிஸ்ப்ளேயை நிரல் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தடத்தின் கடிகாரம் 100 கிலோஹெர்ட்ஸ். அதன் 70, 71, 72ஆவது ஹார்மோனிக்குகள் எங்கே விழும் என்று பாருங்கள்: 7.0, 7.1, 7.2 மெகாஹெர்ட்ஸ். மூன்றும் பட்டைக்குள். அதோடு ஓஎல்இடி பலகையின் உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் சார்ஜ் பம்ப் வேறு. நிரல் சும்மா இருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். நினைவகக் கணக்கும் அதற்குச் சாதகமாக இல்லை. 128 x 64 புள்ளிகளின் படத்தை வைக்க 1024 பைட் வேண்டும், ஏடிமெகா328பி-இல் மொத்தமே 2048 பைட்தான். ஓஎல்இடியை எடுத்துவிட்டு, நேரடியாகக் கால்களில் இணைக்கும் 16 x 2 எழுத்து எல்சிடியை வைத்தோம். மாறிய இலக்கத்தை மட்டும் எழுதினால் போதும், மற்ற நேரத்தில் எழுதியதைத் தானே வைத்திருக்கும்.

எண்களைக் காட்டும் பலகையின் அழகைப் பார்த்து வி.எஃப்.ஓவை மதிப்பிடும் பழக்கம் நமக்குள் வளர்ந்திருக்கிறது. ரிசீவருக்குள் வைக்கப்போகும் பொருளுக்கு அது தவறான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ஒலியை முழுக்க ஏற்றி, பட்டையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுற்றிக் கேளுங்கள். அந்தச் சோதனையில் தேறுவதுதான் வி.எஃப்.ஓ.

தூங்க வைப்பது

இந்தச் சத்தங்களின் ஊற்றைத் தேடிப் போனபோது இந்த வேலையின் மையமான விஷயம் தெளிவானது. எஸ்ஐ5351-க்கு ஒருமுறை எண்களைக் கொடுத்துவிட்டால் அது தன் ரெஜிஸ்டர்களில் வைத்துக்கொண்டு தானே ஓடும். அடுத்த மாற்றம்வரை மைக்ரோகன்ட்ரோலருக்கு வேலை எதுவும் இல்லை. வேலையில்லாமல் 16 மெகாஹெர்ட்ஸில் சுழன்றுகொண்டிருக்கும் அது ரிசீவருக்குத் தருவது இரைச்சல் மட்டுமே. அப்படியானால் அதை நிறுத்திவிடலாம்.

ஏடிமெகா328பி-இல் பவர்-டவுன் என்ற உறக்க நிலை உண்டு. அதில் கிரிஸ்டல் கடிகாரமே நின்றுபோகும். ஏடிசி-யை (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) நிரலே முன்கூட்டி அணைத்துவிட வேண்டும். டயலின் என்கோடர் (சுழற்சியைத் துடிப்புகளாக்கும் உறுப்பு) இணைந்த கால்களில் பின்-சேஞ்ச் இன்டரப்டை (காலில் மாற்றம் வந்தால் சில்லை எழுப்பும் வசதி) இயக்கி வைத்தால் டயல் அசைந்ததும் விழித்துக்கொள்ளும். விழித்துக் கடிகாரம் நிலைபெற ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி ஆகும், கைக்கு அது தெரியாது. விழித்தபின் கடைசி அசைவிலிருந்து இரண்டு வினாடி விழித்திருக்கும். அதற்குப் பிறகு திரும்பவும் உறக்கம். பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவெண்ணில் என்பதால் மைக்கின் பிடிடி (பேசுவதற்கான) பொத்தானை அழுத்துவதுகூட அதை எழுப்பத் தேவையில்லை.

இதற்கு யுஎஸ்பி இணைப்புள்ள நானோ பலகை ஒத்துவராது. பல நானோ பலகைகளில் யுஎஸ்பி-க்கான தனிச் சில்லு மைக்ரோகன்ட்ரோலர் தூங்கினாலும் தன் கடிகாரத்தோடு விழித்திருக்கும். ப்ரோ மினி பலகை அல்லது வெறும் சில்லு போதும். நிரல் ஏற்றும்போது மட்டும் வெளியிலிருந்து இணைத்துக்கொள்ளலாம்.

கடைசி அலைவெண்ணை நினைவில் வைப்பதும் இந்த உறக்கத்தோடு அழகாகப் பொருந்தியது. மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் ஓரிடத்தில் 1,00,000 முறை எழுதலாம் என்பது அதன் உத்தரவாதம். ஒவ்வொரு 10 ஹெர்ட்ஸ் படிக்கும் எழுதினால், 100 கிலோஹெர்ட்ஸ் தூரம் டயலைச் சுற்றுவதிலேயே 10,000 எழுத்து முடிந்துபோகும். பத்து முறை சுற்றினால் ஆயுள் கரைந்துவிடும். ஒரு பைட் எழுத மூன்று மில்லிவினாடிக்கு மேல் ஆவதால் சுற்றும் வேகத்தில் துடிப்புகளும் தவறும். எனவே தூங்கப் போகும் முன்பு, அலைவெண் மாறியிருந்தால் மட்டும், ஒருமுறை எழுதிவிட்டுத் தூங்குகிறது.

என்கோடர் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுக்கு 20 சொடுக்குகள் உள்ள சாதாரண வகை, 16 இடங்கள் கொண்ட நிலை அட்டவணை முறையில் படிக்கப்படுகிறது. தொடர்புமுனைகள் அதிர்ந்து தரும் பொய்த் துடிப்புகளை அந்த அட்டவணையே கழித்துவிடும். 10 ஹெர்ட்ஸ் படியில் ஒரு சுற்றுக்கு 200 ஹெர்ட்ஸ்தான் நகரும் என்பதால், வேகமாகச் சுற்றினால் படி பெரிதாகும்படி நிரலில் சேர்த்தோம்.

அளவு திருத்தம்

மலிவான பலகைகளின் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சொன்ன இடத்தில் இருப்பதில்லை. அதைத் திருத்த, சில்லை 10 மெகாஹெர்ட்ஸ் தரச் சொல்லி, அதே அலைவெண்ணில் வரும் டபிள்யூடபிள்யூவி போன்ற நேர ஒலிபரப்போடு பொருத்தி, விம்மல் (இரண்டு அலைகளின் வித்தியாசமாகக் கேட்கும் ஒலி) அடங்கும்வரை நிரலில் உள்ள கிரிஸ்டல் மதிப்பை மாற்றலாம். எடுத்துக்காட்டாக, வெளியே வருவது 1,00,00,420 ஹெர்ட்ஸ் என்றால் பிழை 42 பிபிஎம். கிரிஸ்டலின் உண்மையான மதிப்பு 2,50,01,050 ஹெர்ட்ஸ்.

இந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பது சுவாரசியமான கணக்கு. டயல் 7.100-இல் வி.எஃப்.ஓ 676 ஹெர்ட்ஸ் மேலே நிற்கும், பி.எஃப்.ஓ 378 ஹெர்ட்ஸ் மேலே நிற்கும். இரண்டும் ஒரே கிரிஸ்டலிலிருந்து வருவதால் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், டயலில் 298 ஹெர்ட்ஸ் பிழையே மிஞ்சும். ஆனால் ஃபில்டர் தனிக் கிரிஸ்டல்களால் ஆனது, அது நகராது. எனவே ஃபில்டரைப் பொறுத்து பி.எஃப்.ஓவின் 378 ஹெர்ட்ஸ் பிழை முழுசாக நிற்கும், குரலின் நிறம் மாறிக் கேட்கும். அதனால் முதலில் கிரிஸ்டல் மதிப்பைத் திருத்திவிட்டு, அதன்பிறகு காதால் கேட்டு பி.எஃப்.ஓவை 10 ஹெர்ட்ஸ் படிகளில் நகர்த்திக் குரல் இயல்பாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். வி.எஃப்.ஓ கணக்கில் பி.எஃப்.ஓ மதிப்பே கூட்டப்படுவதால் டயல் எண் கலையாது.

எஞ்சிய நகர்வுக்குக் காரணம் சில்லுக்கு வெளியே இருந்தது. 13.8 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் 7805 ரெகுலேட்டர், 60 மில்லிஆம்பியருக்கே அரை வாட்டுக்கு மேல் வெப்பம் விடும். கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் இருந்த அதைப் பெட்டியின் பின்சுவருக்கு மாற்றியதும் டயல் நின்ற இடத்தில் நின்றது.

மிக்ஸருக்கு

வளைய மிக்ஸர் கேட்பது 7 டிபிஎம் (ஏறக்குறைய 5 மில்லிவாட்). எஸ்ஐ5351-ஐ 8 மில்லிஆம்பியர் நிலையில் வைத்து, 3 டெசிபல் தணிப்பான் வழியாகக் கொடுத்தோம்: 300, 18, 300 ஓம் ரெசிஸ்டர்கள் பை வடிவில். மிக்ஸரின் டயோடுகள் திறந்து மூடும் ஸ்விட்சுகளாகவே வேலை செய்வதால் சதுர அலை அவற்றுக்கு நல்லதுதான், நடுவில் ஃபில்டர் வேண்டாம். எஸ்ஏ612 போன்ற மிக்ஸர் ஐசி என்றால் சில நூறு மில்லிவோல்ட் போதும், அங்கே இன்னும் நிறையத் தணிக்க வேண்டும். இதே அலையைப் பெருக்கி நேராக ஆன்டெனாவுக்கு அனுப்புகிறவர்கள் மட்டும் லோ-பாஸ் ஃபில்டரை ஒருபோதும் விடக் கூடாது. மூன்றாவது ஹார்மோனிக் அடிப்படை அலையைவிட 9.5 டெசிபல்தான் கீழே.

இதே பலகையை 20 மீட்டர் பட்டைக்கு (14 மெகாஹெர்ட்ஸ்) எடுத்துப்போகிறவர்கள் எண்களை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாமல் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். அங்கே நான் வி.எஃப்.ஓவை 23 முதல் 23.35 மெகாஹெர்ட்ஸில் வைப்பேன். வகுக்கும் எண் 34, பிஎல்எல் 782-இலிருந்து 794 வரை. பிம்பம் 32 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுவதால் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அந்தப் பட்டையில் தொந்தரவு தராது. 20 மீட்டரில் பேசுவது மேல் பக்கப்பட்டையில், அது தலைகீழாகிக் கீழாக வரும். எனவே பி.எஃப்.ஓ மறுபடி 9.0015-க்குத் திரும்ப வேண்டும்.